தகப்பன் இல்லாத பிள்ளை

சனிக்கிழமை சாயந்திரம் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், தாம் செத்துப்போன செய்தி லெட்சுமணனுக்குத் தெரிய வந்தது.

அன்றைக்கு அவர் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மகள் நிலக்ஷி கொழும்பில், 'மகுடக் குரல்' பாட்டுப் போட்டியில் முதல் தடவையாகப் பாடப்போகிறாள். நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்திலிருந்து டிவியில் வந்த முதல் முகம் அவளுடையதுதான். லெட்சுமணன் வேலை விட்டதும் பீலித் தண்ணியில் குளித்து, திருநீறு பூசி, லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற வீரய்யாவின் குடும்பத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். பெண்டாட்டி அன்னம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள்.

பாட்டுக்கு முன்னால் ஒரு குட்டிப் படம் போட்டார்கள். பனிமூட்டம், தேயிலை மலை, முதுகில் மூங்கில் கூடையோடு நிலக்ஷி. பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் தொண்டையைக் கனக்க வைத்துக்கொண்டு பேசியது: "தந்தையை இழந்த கண்ணீர் காயும் முன்பே மேடையேறுகிறாள் இந்த மலையகக் குயில். கொழுந்து பறித்த விரல்களால் தன் தலைவிதியை மாற்றி எழுத வந்திருக்கிறாள்!"

அடுத்ததாக அன்னம்மாவின் முகம் திரை நிறைய வந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. முந்தானை கழுத்தை மூடியிருந்தது.

வீரய்யா மெல்லத் திரும்பி, "யாருய்யா செத்தது?" என்று கேட்டார்.

"நாந்தான் போலருக்கு" என்றார் லெட்சுமணன்.

எல்லாரும் சிரித்தார்கள். அன்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை நெற்றிக்குப் போயிருந்தது.

முன்பு ஒரு நாள் அந்தப் படத்தைப் பிடிக்க வந்தவர் மதுசூதனன். ஹட்டன் பஸாரில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைதான், கொழும்புக்குப் போய் டிவிக்காரராகிவிட்டவர். மலைநாட்டில் பிறந்தவருக்கு மலைநாட்டில் என்ன இருக்கிறது என்பது தெரியும். அதைவிட, வெளியூர்க்காரர்கள் இங்கே எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்பது இன்னும் நன்றாகத் தெரியும். தோட்டத்தில் இப்போது எல்லாரும் பை கட்டித்தான் கொழுந்து பறிக்கிறார்கள். அவரோ நுவரெலியாவில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கிற கடையிலிருந்து ஒரு மூங்கில் கூடையை வாங்கிக்கொண்டே வந்திருந்தார். நிலக்ஷி ஹட்டனில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறவள், பிறந்ததிலிருந்து ஒரு கிலோ கொழுந்து பறித்ததில்லை. அவள் தலையில் கூடைப் பட்டியை மாட்டி, மலையில் ஏற்றி இறக்கி, அழச் சொல்லி, அழுகை போதாது என்று மறுபடியும் ஏற்றினார்கள்.

லெட்சுமணன் அன்றைக்கு வேலைக்குப் போகாமல், தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். அவர் முகம் அப்படி, எப்போதும் சிரிக்கிற முகம். சாவு வீட்டுக் கேதத்துக்குப் போனால்கூட கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறார் என்று அன்னம்மா திட்டுவாள். கேமராவில் அவரைப் பார்த்த மதுசூதனன் உதட்டைப் பிதுக்கினார். "அண்ணே, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லுங்க" என்று கழிவறைப் பக்கம் கையைக் காட்டினார். அன்னம்மாவிடம், "அக்கா, பொட்டு லைட்டுல மின்னுது, எடுத்துருங்க" என்றார். அவளும் எடுத்து உள்ளே கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்தாள். லைட்டுக்காக என்றுதான் அவள் நினைத்தாள், பாவம்.

பாட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் நிலக்ஷி போனில் கோல் எடுத்தாள்.

"அப்பா, பாத்தீங்களா?"

"பாத்தேன். பாட்டு நல்லாருந்துச்சு. நான் எப்பம்மா செத்தேன்?"

நிலக்ஷி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"எல்லாருக்கும் ஒரு கதை இருக்கணுமாம்ப்பா. ஒரு பையனுக்கு வீடு மண்சரிவுல போயிருச்சு. இன்னொரு புள்ளைக்குக் கண்ணு தெரியாது. ஒனக்கு ஒண்ணுமே இல்லையேன்னாங்க. புடவைக்கடையில நிக்கிற புள்ள, அப்பா அம்மா ரெண்டு பேரும் நல்லாருக்காங்கன்னா யாருப்பா ஓட்டுப் போடுவா?"

"நான் செத்தா ஓட்டு கூடுமா?"

"கூடுதாம்ப்பா. இன்னைக்கே கூடிருச்சாம்."

லெட்சுமணன் யோசித்துப் பார்த்தார். மகளுக்கு அவர் பெரிதாக என்ன செய்துவிட்டார்? கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துத் தேயிலைச் செடியை வெட்டி வெட்டி, பிள்ளையைப் படிக்கவைத்தார், அதுவும் பாதியில் நின்றது. இது ஒரு கஷ்டமும் இல்லாத வேலை. சும்மா இருந்தால் போதும்.

"சரிம்மா. செத்தமாதிரியே இருக்கேன்."

"போட்டி முடியிற வரைக்குந்தான்ப்பா. முடிஞ்ச கையோட, எல்லாருக்கும் முன்னால உங்க கால்ல விழுந்து கும்பிட்டு, இவருதான் எங்கப்பான்னு சொல்லுவேன். சத்தியமா."

கால் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய இடது கால் பெருவிரலில் நகம் கிடையாது, கவ்வாத்துக் கத்தி கொண்டுபோய்விட்டது. நிலக்ஷி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அம்மாவின் ஒட்டுப்பொட்டை உரித்து வந்து அந்த மொட்டை விரலில் நகத்துக்குப் பதிலாக ஒட்டுவாள். பொட்டோடு, காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்று கங்காணியிடம் அவர் ஏச்சு வாங்கிய கதையை இன்றைக்கும் ஆட்கள் சொல்லுவார்கள்.

ஆனால் விஷயம் அவர் நினைத்தது போல அவ்வளவு லேசாக இல்லை.

மறுநாள் காலை அவர் பீலியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். கீழே ரோட்டு வளைவில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பொம்பிளைகள் இறங்கின இடத்திலேயே தலையிலும் மாரிலும் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். முன்னால் வந்தவர் அன்னம்மாவின் அண்ணன் செல்லசாமி. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம். கையில் ஒரு கடைப் பை. கேதத்தைப் போனில் விசாரிக்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. நேரில் போய் நிற்க வேண்டும். புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டார் கோடிச் சேலை போட வேண்டும். அதைத்தான் செல்லசாமி வாங்கி வந்திருந்தார். கூடவே நிறையக் கோபத்தையும் கொண்டுவந்திருந்தார்.

"எந் தங்கச்சி புருஷன் செத்ததை டிவிக்காரன் சொல்லியாடி நான் தெரிஞ்சுக்கணும்? நாங்க என்னா பாவம் செஞ்சோம்? ஒரு ஆளை அனுப்பக் கூடாதா? மொகத்தைக்கூடப் பாக்க விடலையே!" என்று லயத்து வாசலில் நின்று கத்தினார். அன்னம்மாவுக்கு வாயைத் திறக்க இடம் கிடைக்கவில்லை. பொம்பிளைகள் அவளைக் கட்டிப்பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து லெட்சுமணன் வாயில் நுரையோடும் தோளில் துவாயோடும் ஏறி வந்தார். எப்போதும் போலச் சிரித்துக்கொண்டே, "வாங்க மச்சான்" என்றார்.

செல்லசாமியின் பெண்டாட்டி அப்படியே பின்னால் சாய்ந்தாள். ஒப்பாரி பாதியில் நின்றது. ஒரு கிழவி மட்டும் காது கேட்காமல் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தை விளக்கிச் சொல்லி, தண்ணி கொடுத்து, செல்லசாமியைக் கதிரையில் உட்காரவைக்கப் பெரும்பாடாகிவிட்டது. உயிரோடு இருக்கிற மச்சானைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, ஏமாந்த கோபத்தில் அடிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு எல்லார் கண்ணும் அந்தப் பையின் மேல் போனது. கோடிச் சேலை. எடுத்து வந்ததை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. புருஷன் இருக்கிறவளுக்குக் கொடுக்கவும் கூடாது. கடைக்காரன் திருப்பி எடுக்கவும் மாட்டான். பை வாசலில் கிடந்தது. ஆளாளுக்கு அதைச் சுற்றி நடந்தார்கள்.

கடைசியில் அன்னம்மாவே எழுந்து அதை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். போகும்போது லெட்சுமணனைப் பார்த்து, "அவனுங்க படம் புடிச்ச அன்னைக்கே எந் தாலிய அறுத்துட்டானுங்க. எனக்குத்தான் இப்பத்தான் தெரியுது" என்றாள்.

அவருக்கு அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. ஆனாலும் மகளுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே.

அதற்குப் பிறகு நிலக்ஷி வாரத்துக்கு வாரம் மேலே போனாள். குரல் நன்றாகத்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் ஆட்கள் பேசியது குரலைப் பற்றி அல்ல. ஹட்டனில் எங்கே பார்த்தாலும் கூடை மாட்டிய நிலக்ஷி. பேக்கரியில், ஆட்டோவின் முதுகில், ஒரு தலையெண்ணெய்ப் போத்தலின் மேல். ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா, தலையெண்ணெய் விளம்பரத்தைக் காட்டி லெட்சுமணனிடம், "பாவங்க, தகப்பன் இல்லாத புள்ள. இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாங்க" என்றார் அவர். அவள் அழுததைப் பார்த்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தமக்காகத்தான் அழுகிறோம் என்பது இறங்கின பிறகுதான் உறைத்தது.

தோட்டத்தில் எல்லாருக்கும் உண்மை தெரியும். ஒருவர்கூட வெளியில் மூச்சு விடவில்லை. நம்ம பிள்ளை ஜெயிக்க வேண்டும். ஆனால் கேலிக்குக் குறைவில்லை. பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் வாசித்து "லெட்சுமணன்" என்றால், "செத்தவனுக்கு ஏன்யா பேரு போடுறீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

கடைசிச் சுற்றுக்கு முன்னால், மாலை போடுவதற்கு அப்பாவின் போட்டோ வேண்டும் என்று டிவிக்காரர்கள் கேட்டார்கள். ஹட்டனில் விளம்பரப் பெனர் அடிக்கிற கடை வைத்திருக்கிற பிரதாப்பிடம் அந்த வேலை வந்தது. பிரதாப் இவரை வரச்சொல்லி, இருக்கிற போட்டோக்களை எல்லாம் பரப்பிவைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, எல்லாத்துலயும் சிரிக்கிறீங்களே. செத்தவரு சிரிக்கலாம். ஆனா இம்புட்டுச் சிரிக்கக் கூடாது."

கம்ப்யூட்டருக்குச் சொன்னால் அதுவே செய்துகொடுக்கும் என்றான். கன்னத்தை ஒட்டவைத்தான், கண்ணைக் குழிவாக்கினான், வாயைக் கீழ்ப்பக்கம் வளைத்தான். சட்டையைக் கிழிக்கவும் செய்தான். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு ஆள் சோகமாக நின்றார்.

"இது யாரு தம்பி?"

"நீங்கதாண்ணே."

லெட்சுமணன் கிட்டப் போய்ப் பார்த்தார். காது மட்டும் தம்முடையது போலத் தெரிந்தது.

கடைசிச் சுற்று அன்றைக்கு அன்னம்மாவைக் கொழும்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள், மேடையில் நிற்கவைக்க. லெட்சுமணன் வீட்டில், அதே டிவிக்கு முன்னால், அதே தீபாவளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு முடிகிறது. இன்றைக்குச் சொல்லிவிடுவாள்.

அன்னம்மா மேடைக்கு வந்தபோது லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. டிவிக்காரர்கள் வெள்ளைச் சேலை கொடுத்திருந்தார்கள். "ஒரு கோடியை ஆத்துல விட்டாச்சு, இன்னொண்ணு வேணாம்" என்று அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பச்சைச் சேலையிலேயே வந்து நின்றாள். மேடை ஏறுகிற கடைசி நேரத்தில் பையிலிருந்து குங்குமத்தை எடுத்து நெற்றியில் அப்பிக்கொண்டும் வந்திருந்தாள். பெரிய பொட்டு. தாலிக்கயிறு வெளியே கிடந்தது. நேரடி ஒளிபரப்பு, வெட்டி எறிய முடியாது.

"போட்டு ஒடைச்சிட்டா!" என்று வீரய்யா எழுந்தே நின்றுவிட்டார்.

அறிவிப்பாளர் ஒரு விநாடி அந்தப் பொட்டைப் பார்த்தான். ஒரே ஒரு விநாடிதான்.

"பாருங்கள் நேயர்களே! கணவர் மறைந்த பின்னும் பொட்டை அழிக்க மறுத்த தாய்! பழைய வழக்கங்களை உடைத்தெறிந்த மலையகத்தின் புதுமைப் பெண்!"

மண்டபம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்னம்மா வாயைத் திறந்தாள். மைக் அதற்குள் நகர்ந்துவிட்டது.

வீரய்யா மெல்ல உட்கார்ந்தார். "என்னா செஞ்சாலும் வித்துர்றானுங்களேய்யா" என்றார்.

நிலக்ஷிதான் ஜெயித்தாள். மகுடத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நடுவர்களுக்கு நன்றி சொன்னாள், தலையெண்ணெய்க் கம்பெனிக்குச் சொன்னாள், ஓட்டுப் போட்டவர்களுக்குச் சொன்னாள். லெட்சுமணன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "மேலேயிருந்து பாத்துக்கிட்டு இருக்கிற எங்கப்பாவுக்கும்" என்றாள் நிலக்ஷி. அவ்வளவுதான். வெடி வெடித்தது, கலர்க் காகிதம் பறந்தது.

"சரிதான். கொழும்புக்கு மேலதான இருக்கேன்" என்று லெட்சுமணன் சொன்னார். அந்தத் தடவை லயத்தில் யாரும் சிரிக்கவில்லை.

எண்ணெய்க் கம்பெனியோடு ஒப்பந்தம் இருக்கிறதாம், உடனே சொல்ல முடியாதாம். "ஊருக்கு வரும்போது கண்டிப்பாச் சொல்லிர்றேன்ப்பா" என்றாள் போனில். அவர் மறுபடியும் நம்பினார். பெற்றவர் வேறு என்ன செய்வார்?

ஊருக்கு வருகிற நாளும் வந்தது. நோர்வூட்டிலிருந்து தப்பு மேளம் அடித்து, திறந்த ஜீப்பில் ஊர்வலம். கோயில் வாசலில் பிரதாப் அடித்த பெரிய பெனர், ஆள் உயரத்துக்கு மேலே. ஒரு பக்கம் மகுடத்தோடு நிலக்ஷி, மறுபக்கம் அந்தச் சோக ஆள், அவருக்கு முன்னால் அச்சடித்த விளக்கு. கீழே நிஜ விளக்கு ஒன்றையும் ஏற்றிவைத்தார்கள். மதுசூதனன் முதல் நாளே வந்து, "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, நாளைக்கு நீங்க எங்கயாச்சும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன்" என்று பணிவாகக் கேட்டிருந்தார். லெட்சுமணனும் தலையாட்டியிருந்தார்.

ஆனால் காலையிலிருந்து காற்று. கோயில் வாசலில் புல்லுக்கு அடியில் முழுக்கக் கல்லு, ஊன்றின கம்பு நிற்கவில்லை. ஒரு பக்கத்துக் கம்பை வீரய்யா பிடித்தார். சோக ஆள் இருக்கிற பக்கத்தைப் பிடிக்க வந்த பையன்கள் எல்லாம் தப்புச் சத்தம் கேட்டதும் ஜீப்பைப் பார்க்க ஓடிவிட்டார்கள். பெனர் சாயப் பார்த்தது. கோயிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற லெட்சுமணன் ஓடிவந்து இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டார். பெனருக்குப் பின்னால் நிற்கிற ஆளை யார் பார்க்கப்போகிறார்கள்? அதன் கீழ் விளிம்பு புல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஜீப் வந்து நின்றது கேட்டது. ஆரத்தி எடுத்தார்கள். நிலக்ஷி அம்மாவின் காலில் விழுந்திருக்க வேண்டும், பொம்பிளைகள் குலவை போட்டார்கள். பிறகு மதுசூதனனின் குரல்: "நிலக்ஷி, இப்ப அப்பா படத்துக்கு முன்னால வந்து, விளக்கைத் தொட்டு, விழுந்து கும்பிடுங்க. அழுகை வந்தா அடக்க வேண்டாம்."

காலடிச் சத்தம் கிட்ட வந்து நின்றது. லெட்சுமணன் குனிந்து பார்த்தார். காற்றில் பெனரின் விளிம்பு தூக்கியிருந்தது. தம்முடைய இடது கால், நகமில்லாத பெருவிரல், பாதி வெளியே தெரிந்தது. இழுத்துக்கொள்ளலாமா என்று நினைப்பதற்குள் அவள் விழுந்துவிட்டாள். விளிம்புக்குக் கீழே ஒரு கை நுழைந்து வந்தது. நகப்பூச்சுப் பூசிய விரல்கள் அந்த மொட்டை விரலைத் தடவின, பிறகு பாதம் முழுவதையும் பிடித்துக்கொண்டன.

பிள்ளை காலில் விழுந்தால் தலையில் கை வைக்க வேண்டும். இரண்டு கையும் கம்பில் இருந்தன. கையை எடுத்தால் பெனர் விழும், விழுந்தால் உள்ளே இருக்கிற ஆள் ஊருக்கெல்லாம் தெரிவான். பிறகு மகுடம் என்ன ஆகும், எண்ணெய் என்ன ஆகும்? அவள் எழுந்திருக்கவில்லை. அதற்காகத்தான் காத்திருக்கிறாளோ? கம்பை விட்டுவிடுங்கள் என்கிறாளோ? அவருக்கு விளங்கவில்லை. கம்பை இறுக்கிப் பிடித்தபடியே, "நல்லாரும்மா" என்று அந்தத் துணியைப் பார்த்துச் சொன்னார். அவள் காதில் விழுந்ததோ என்னவோ. கை மெதுவாகப் போய்விட்டது.

வெளியே எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

"அருமை! ஆனா நிலக்ஷி, கை ஃப்ரேமுக்குள்ள வரலம்மா. பெனருக்கு அடியில போயிருச்சு" என்றார் மதுசூதனன். "இன்னொரு தடவை. கையை நல்லாக் கூப்பி, முன்னாலேயே வெச்சுக்கங்க."

அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. மறுபடியும் காலடிச் சத்தம். மறுபடியும் கொலுசு தரையில் படுகிற சத்தம்.

லெட்சுமணன் இந்தத் தடவை காலைத் தாமே கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்தார். பெருவிரலில் காற்றுப் பட்டது. காத்திருந்தார். கை வரவில்லை.

சனிக்கிழமை டிவியில் போட்டது அந்த இரண்டாவதைத்தான். நாடே அதைப் பார்த்து அழுதது என்று போனில் போட்டிருந்தார்கள். அன்னம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கும்பிட்டுக் கிடக்கிற மகள், விளக்கு, சோக ஆள். பெனரின் அடியில், ஓரத்தில், புல்லோடு புல்லாக ஏதோ ஒன்று. விரலை வைத்து அதைப் பெரிதாக்கினாள்.

"இந்தாங்க, இது உங்க வெரலுதானே?"

லெட்சுமணன் எட்டிப் பார்த்தார்.

"ஆமா" என்றார்.